மழையில்லாத நாளிலும் சிவப்பு

போன மாரியில் மட்டக்களப்பு வாவி எப்படிப் பெருகி வயல்களுக்குள் ஏறியது என்று கணினியில் கணித்துக் காட்டும் திட்டமொன்றில் வேலை செய்தேன். கணிப்பது கணினி. அதன் முடிவை மணித்தியாலத்துக்கு ஒரு படமாக்கி, படங்களைக் கோத்து வீடியோவாக்குவது நான். எங்கள் பணிப்பாளர் அறிக்கை வாசிக்கமாட்டார், வீடியோ மட்டும் பார்ப்பார்.

முதலில் ஒவ்வொரு கோப்பாகத் திறந்து, கோணம் பார்த்து, நிறம் பார்த்துச் சேமித்தேன். மூன்றாம் நாளே கை உளைந்தது. ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். திரையில் எதையும் காட்டாமல், கணினி தன் நினைவகத்துக்குள்ளேயே படங்களை வரைந்து, இலக்கமிட்டு, வீடியோவாகவும் ஒட்டிவிடும். கட்டளையைக் கொடுத்துவிட்டு நான் பிளேன்ரீ குடிக்கப் போகலாம்.

எனக்குத் தலைக்கனம் பிடித்தது. "இனி ஒரு படத்தையும் கண்ணால பாக்கத் தேவையில்ல சேர்" என்று பணிப்பாளரிடம் பீற்றினேன். அவரும் அதை எங்கள் சாதனைகளில் ஒன்றாக மேலிடத்துக்கு எழுதினார்.

வீடியோவை விவசாயிகளுக்குக் காட்ட வவுணதீவில் கூட்டம் வைத்தோம். பதாகை, மல்டிமீடியா திரை, தின்ன ரோல்ஸ் எல்லாம் தயார். பணிப்பாளர் அரை மணித்தியாலம் பேசினார். பிறகு வீடியோ ஓடியது. சிவப்பென்றால் நிலத்தில் ஏறிய ஆழமான வெள்ளம். வாவிக்கரை முழுவதும் சிவப்பாகப் பொங்கியதைக் கண்டு அதிகாரிகள் வாய்பிளந்தார்கள்.

முன்வரிசையில் கமக்காரர் அமைப்பின் செயலாளர் இருந்தார். ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"புள்ள, அந்த மூலையில திகதி ஓடுது. மழை துவங்க முந்தின நாளும் எங்கட வயல் வட்டை சிவப்பாத்தானே கிடக்கு? அண்டைக்கு அந்த வயல்ல மாடு மேஞ்சது."

"அம்மா, அது மொடல்ல வாற நிச்சயமின்மை" என்றார் பணிப்பாளர்.

"நான் நிச்சயமாத்தான் சொல்றன் சேர். என்ட மாடுதான்."

மண்டபம் சிரித்தது. நான் மடிக்கணினியில் ஸ்கிரிப்டைத் திறந்து பார்த்தேன். நிற அளவுகோலுக்கு நான் எல்லை வைக்க மறந்திருந்தேன். அதனால் ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியே அளந்து, அந்தப் படத்தில் எது அதிக ஆழமோ அதற்குச் சிவப்புப் பூசியிருக்கிறது. ஆளை மூடும் வெள்ளமும் சிவப்பு, கணுக்கால் நனைக்கும் தண்ணீரும் சிவப்பு. கையால் செய்திருந்தால் இரண்டு மூன்று படங்களில் விட்டிருக்கக்கூடிய பிழையை, ஒரு படம் தவறாமல் எல்லாவற்றிலும் செய்து முடித்திருந்தேன்.

எழுந்து நின்றேன். "அக்கா சொல்றது சரி. பிழை என்னிலதான்."

பணிப்பாளர் ரோல்ஸைப் பரிமாறச் சொன்னார்.

மறுநாள் ஸ்கிரிப்டில் நிற அளவுகோலின் கீழெல்லை, மேலெல்லை என்று இரண்டே இரண்டு எண்களைச் சேர்த்து எல்லாப் படங்களையும் மீண்டும் வரையவிட்டேன். இம்முறை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பெரும்பாலும் ஆழமில்லாத தண்ணீரின் வெளிர்நீலம். கடைசி நாட்களில் மட்டும் வாய்க்காலோரம் சிவப்பு.

"இதென்ன மிஸ், வெள்ளத்தக் காணல்ல?" என்றார் பணிப்பாளர்.

"வெள்ளம் இவ்வளவுதான் சேர்."

"சரி, இத அறிக்கையோட வைங்க. ஒபிசுக்கு வாறாக்களுக்குப் பழசக் காட்டுவம்."

"அது பொய் சேர்."

"பொய்யில்ல மிஸ். பாக்க வடிவு."

அலுவலக வாசலில் இருந்த தொலைக்காட்சியில் சிவப்பு வெள்ளம் தொடர்ந்து ஓடியது. திருத்திய வீடியோவைச் செயலாளரின் போனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் கழித்து அழைத்தார்.

"இது சரி புள்ள. ஆனா நேத்து உங்கட ஒபிசுக்கு வந்தனான். அங்க இன்னும் பழசுதானே ஓடுது?"

"சேருக்கு அதுதான் பிடிச்சிருக்கு அக்கா."

"அப்ப வாற மாரிக்கு அவர எங்கட வட்டைக்கு வரச் சொல்லுங்க. சப்பாத்தக் கழட்டிப்போட்டு இறங்கிப் பாக்கட்டும்."

சொன்னேன். பணிப்பாளர் நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, மாரி முடியும்வரை தனக்குக் கூட்டங்கள் இருப்பதாகச் சொன்னார்.