குனிய மறுத்த இடுப்பு

போன செவ்வாய்க்கிழமை, செனாவாங்கில் என் பக்கத்து வீட்டு அம்மாளைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மூன்று மாதமாக நெஞ்சுவலி. ஈ.சி.ஜி., எக்ஸ்ரே, ரத்தம் — எல்லாம் சுத்தம். இளம் டாக்டர் மலர்ந்த முகத்தோடு, "உங்களுக்கு ஒன்றுமில்லை ஆன்ட்டி" என்றார். அந்த அம்மாள் அழுதுவிட்டார்.

வலிக்கிறவரிடம் "ஒன்றுமில்லை" என்று சொல்வதைவிடப் பெரிய அவமானம் உண்டா?

நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸ்சராகக் காலம் தள்ளியவன். கட்டுப் போடுவது, மருந்து கலப்பது, சான்றிதழ் எழுதுவது... எந்தப் படிவத்துக்கு எத்தனை பிரதி என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். எந்தப் படிவத்திலும் அடங்காத நோயாளி ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். பால்வெட்டுத் தொழிலாளி. பெயர் வீராசாமி.

ஜப்பான்காரன் காலம். பகாவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை சொல்லாமல் கொள்ளாமல் ஓடியிருந்தார். காலையில் ஆட்களுக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில், எல்லாரும் ஜப்பானிய அதிகாரியின் முன் இடுப்பை மடக்கி வணங்க வேண்டும். வளைவு குறைந்தால் அறை. வளையவே இல்லையென்றால்? அவர் இடுப்பில் வாள் தொங்கியது.

ஒருநாள் வீராசாமி வளையவில்லை.

அறைந்தார்கள். நிமிர்ந்தே நின்றான். இரண்டு சிப்பாய்கள் கழுத்தைப் பிடித்து அழுத்தினார்கள். ஆள் மடங்கவில்லை, சாத்திவைத்த பலகை போல அப்படியே முகங்குப்புறச் சாய்ந்தான். அதிகாரி என்னை அழைத்து, மொழிபெயர்ப்பாளர் மூலம் கெடு வைத்தார். நோயா, நடிப்பா? மூன்று நாளில் சான்றிதழ் வேண்டும். நடிப்பென்றால் தலை போகும்.

பரிசோதித்தேன். எலும்பு சரி, நரம்பு சரி. போதாததற்கு அவன் மனைவி அஞ்சலை வந்து குரலைத் தாழ்த்தினாள்.

"முழிச்சிருக்கிறப்பதான் இப்படி ஐயா. தூங்கினா எறா மாதிரி சுருண்டுக்கிறாரு லா."

மத்தியானத் தூக்கத்தில் போய்ப் பார்த்தேன். எறாவேதான்.

அப்படியானால் நடிப்பா? நடிக்கிறவன் லாபமுள்ள நோயாகப் பொறுக்குவான். வயிற்றுவலி, மயக்கம், காய்ச்சல்... ஜப்பான்காரன் முன்னால் குனிய முடியாத நோயை எந்த மடையன் தேர்ந்தெடுப்பான்?

நான் படித்த புத்தகத்தில் இதற்கு ஹிஸ்டீரியா என்று பேர். பெண்களுக்குத்தான் வரும் என்றும் போட்டிருந்தது — எழுதியவர் ஆண். இப்போது வேறு பேர் வைத்திருக்கிறார்கள். விஷயம் ஒன்றுதான்: மனம் சுமக்க முடியாததை உடம்பு வாங்கிக்கொள்கிறது. உடம்புக்காரனைக் கேட்பதில்லை.

எப்போதிலிருந்து என்று விசாரித்தேன். தம்பி பெருமாளை லாரியில் ஏற்றிய மறுநாளிலிருந்து என்றான். சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்துக்கொண்டிருந்தார்கள். தம்பியை விட்டுவிடச் சொல்லி, நெற்றி மண்ணில் படக் குனிந்து கெஞ்சியிருக்கிறான் வீராசாமி. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தாராம். லாரி கிளம்பிவிட்டது.

"அம்புட்டுக் குனிஞ்சேன்யா," என்றான்.

இதை எந்தச் சான்றிதழில் எழுதுவது? லத்தீன் வாடையுள்ள நீளமான பேர் ஒன்றை நானே உண்டாக்கினேன். முத்திரை வேண்டுமே! பழைய முத்திரையில் பிரிட்டிஷ் கிரீடம். ஷீட் ரப்பரில் ஒரு துண்டு வெட்டி, புதிதாக ஒன்றைச் செதுக்கிக் குத்தினேன். அதிகாரி முத்திரையை வெகுநேரம் ரசித்தார். நோயின் பேரைப் படிக்கவே இல்லை.

"நோய் சரி. மரியாதை எங்கே?" என்றார்.

பக்கத்தில் நின்ற, ஆட்களை மேய்க்கும் முத்தையா மண்டோர்தான் என் காதில் கிசுகிசுத்தார். "வளைக்கத்தானே முடியல? சாய்க்கலாம்ல ஐயா?"

மறுநாள் முதல் அதுதான் நடைமுறை. காலையில் பேர் கூப்பிட்டதும் இரண்டு ஆட்கள் வீராசாமியின் தோளைப் பிடித்து, மெதுவாக, முகம் தரையில் படும்வரை சாய்ப்பார்கள். மூன்று எண்ணுவார்கள். நிமிர்த்துவார்கள். அதிகாரிக்குப் பரம திருப்தி. மற்றவர்கள் பாதிதான் வளைகிறார்கள், இவன் ஒருவன்தான் முழுசாக விழுகிறான் என்று பாராட்டி ஒரு பாக்கெட் சிகரெட் வேறு கொடுத்தார். தோட்டத்திலேயே பணிவான ஆள் — குனியவே முடியாத வீராசாமி!

சாய்த்து நிமிர்த்திய இருவருக்கும் பத்தே நாளில் நிஜமான இடுப்புவலி. விதிப்படி தைலம் கொடுத்தேன்.

சண்டை முடிந்தது. அதிகாரி போனார். இனி குனியச் சொல்ல ஆளில்லை. இடுப்பு தானாக வளையும் என்று கணக்குப் போட்டேன். வளையவில்லை. நாலு மாதம் அப்படியே நின்றான்.

பிறகு ஒரு காலை, சயாமில் மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு லாரி வந்தது. பெருமாளை இறக்கினார்கள். காலெல்லாம் புண். நிற்க முடியாமல் செம்மண்ணில் உட்கார்ந்துவிட்டான். வீராசாமி விறைப்பாக நடந்துபோய் அவனெதிரே நின்றான். பிறகு குனிந்து, இரண்டு கையாலும் அவனைத் தூக்கினான்.

"ஐயா... இடுப்பு," என்றாள் அஞ்சலை. வீராசாமி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

அன்று மத்தியானம் நோயாளிப் பதிவேட்டைத் திறந்தேன். 'குணம்' என்று எழுதியாயிற்று. 'கொடுத்த மருந்து' என்ற கட்டத்தைக் காலியாக விடக்கூடாது என்பது விதி.

'பெருமாள்' என்று எழுதினேன். அளவு: ஒன்று.