சர்பத் கடை ஸ்டாப்

இன்று காலை பாபநாசம் டவுன் பஸ்ஸில் ஏறி, "சர்பத் கடை ஒண்ணு குடுங்க" என்றேன்.

"அப்படி ஒரு ஸ்டாப்பே இல்லைங்க" என்றார் கண்டக்டர்.

எனக்குச் சுர்ரென்று வந்தது. "நான் பள்ளிக்கூடம் போன காலத்துலேர்ந்து அதுக்கு அதுதாங்க பேரு. யாரையாவது விசாரிச்சுப் பாருங்க."

பின் சீட்டு அம்மா சமாதானத்துக்கு வந்தார். "செல்ஃபோன் ஷோரூமைத்தான் சொல்றாரு தம்பி. அங்கதான் ஒரு பாய் சர்பத் கடை வச்சிருந்தாரு. அவர் போனதுக்கு அப்புறம் மகன் இடத்தை வித்துட்டு சவுதிக்குப் போயிட்டான்."

"அதை மொதல்லயே சொல்றதுக்கென்ன?" என்று கண்டக்டர் என்மேல் எரிந்து விழுந்தார்.

அந்த மகன் நான்தான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஷோரூமுக்கு ஒரு டிக்கெட் வாங்கிக்கொண்டேன்.

உங்கள் ஊர் ஸ்டாப்புக்கு இன்னும் பழைய பேர்தானா, இல்லை நீங்களும் விற்றுவிட்டீர்களா?