துரைக்குத் தெரியக்கூடாத இருமல்

ஜெர்மனியிலிருந்து விடுமுறைக்கு வந்த தங்கை கதவைச் சாத்திக்கொண்டு இருமினாள். எங்கள் தேயிலை எஸ்டேட் இருக்கும் தேவாலாவில் மழை பிடித்திருந்த சமயம். இந்த மழையில் இருமாதவர் யார் என்று நானும் விட்டுவிட்டேன். ஒருநாள் தலை பின்னிவிடத் தோளைத் தொட்டபோது கையில் எலும்புதான் தட்டுப்பட்டது.

"எப்ப இருந்துடி இப்படி?"

"அங்க குளிர் ஆரம்பிச்சதுல இருந்து."

டாக்டரைப் பார்த்தாயா என்றால் சீப்பை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். முழு உதவித்தொகையில் படிக்கப் போனவள். மருத்துவக் காப்பீட்டையும் உதவித்தொகை கொடுப்பவர்களே எடுத்துத் தந்திருக்கிறார்கள். அட்டையை நீட்டினால் போதும் என்று போன புதிதில் இவளே பீற்றிக்கொண்டாள். அதை ஒரு தடவைகூட வெளியே எடுக்கவில்லையாம்.

"எடுத்துக் குடுத்ததே அவங்கதானேக்கா? காட்டினா அவங்களுக்குத் தெரிஞ்சிரும். சீக்காளின்னு திருப்பி அனுப்பிருவாங்க."

கன்னத்தில் ஒன்று வைக்கலாமா என்றிருந்தது. ஆனால் அந்தப் பயம் எங்கே விளைந்தது என்று எனக்குத் தெரியும். எங்கள் எஸ்டேட்டில் ஆஸ்பத்திரியும் கம்பெனியுடையது, ஆபீசும் கம்பெனியுடையது. காலையில் கம்பவுண்டரிடம் நெஞ்சுவலி என்று சொன்னால் மாலைக்குள் மேனேஜர் துரையின் காதுக்குப் போய்விடும். அப்புறம் உடம்பு தகுதியில்லை என்று வேலையும் போகும், கம்பெனி கொடுத்த லயத்து வீடும் போகும். அதனால் கம்பவுண்டரிடம் தலைவலிக்கு மட்டுமே போவோம். நிஜமான நோயென்றால் கூடலூருக்கு பஸ் ஏறுவோம், அங்கேயும் எந்த எஸ்டேட் என்று சொல்லமாட்டோம். ஃபேக்டரியில் அப்பா காய்ச்சலோடு வேலைக்கு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் இவள்.

மறுநாளே கூடலூருக்கு இழுத்துக்கொண்டு போனேன். எக்ஸ்ரேயை டாக்டர் இரண்டு தடவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். அது எனக்குப் பிடிக்கவில்லை.

"நெஞ்சுல ஒரு நிழல் தெரியுது. இங்கயோ படிக்கிற ஊர்லயோ, பெரிய ஆஸ்பத்திரில உடனே பாத்துருங்க. தள்ளிப் போட வேண்டாம்" என்றார்.

இங்கே தங்கினால் படிப்பு போய்விடும், அங்கே போய்ப் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். எனக்கு நம்பிக்கையில்லை. உதவித்தொகை கொடுப்பவர்களிடமே கேள் என்று பக்கத்தில் உட்கார்ந்து மெயில் போடவைத்தேன். அதையும் யாரோ தோழிக்காகக் கேட்பதுபோல்தான் எழுதினாள்.

உடனே பதில் வந்தது. சிகிச்சை விவரம் எங்களுக்கு வராது, நோய் வந்ததற்காக உதவித்தொகை நிற்காது, தோழியைத் தயங்காமல் டாக்டரிடம் போகச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தார்கள். அப்பாடா என்று அதை வீடு முழுக்கக் கேட்கும்படி தமிழில் படித்துச் சொன்னேன்.

அப்பா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நம்ம தொரையும் இப்படித்தான் சொல்லுவாரு. பயப்படாம போயி பாரு, கம்பெனி பாத்துக்கும்னு. அத நம்பிப் போனவங்கள்ல யாரு இன்னிக்கி லயத்துல இருக்கா?"

தங்கை போனை அணைத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்பாவோடு நான் போட்ட சண்டை எதுவும் அவள் காதில் ஏறவில்லை. அந்த வாரமே விமானம் ஏறிவிட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வந்தாள். முகத்தில் கண் மட்டும்தான் இருந்தது.

"டாக்டர்கிட்ட போனியா?"

"பரீட்சை முடியட்டும்க்கா."

அடுத்த வார்த்தையில் குரல் நின்றுவிட்டது. மைக்கை அணைத்துவிட்டாள். திரையில் அவள் வாயைப் பொத்தியிருந்தாள். தோள்கள் குலுங்கிக்கொண்டே இருந்தன, சத்தம் மட்டும் இல்லை.

"டவர் கெடைக்கல போல" என்று அப்பா போனை வாங்கி ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பிடித்தார்.