ஒயர் இல்லாத இடது பட்டன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் "வூட்டுல எர்த்திங் செக் பண்ணுங்க" என்று வாயை அடைக்கிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் சிரிப்பீர்கள், தெரியும். ஆனால் இது நடந்தது இருட்டில் இல்லை, ஒரு ஞாயிற்றுக்கிழமை பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்கு, இரும்புலியூர் பக்கம் ஒரு தகர ஷெட்டில்.

கூடப் படித்தவன் எல்லாம் சிறுசேரி ஐ.டி. கம்பெனிகளில் ஏசியில் உட்கார்ந்திருந்த காலம். நான் தாம்பரத்தில் ஒரு சின்ன ஆட்டோமேஷன் கம்பெனியில், கிரீஸ் கையோடு ஷேர் ஆட்டோவில் அலைந்துகொண்டிருந்தேன். ஆனாலும் பி.எல்.சி. என்றால் எனக்கு வெறி. மெஷினுக்கு மூளை மாதிரி இருக்குமே, அந்தக் கன்ட்ரோலர் பெட்டி, பழசாக இருந்தால் இன்னும் சந்தோஷம்.

அந்த ஷெட்டில் தகடு அடிக்கிற பிரஸ் ஒன்று. அதன் பி.எல்.சி. நான் அரை டிராயர் போட்ட காலத்தில் வாங்கியது, நெட்வொர்க் என்ற வார்த்தையே கேள்விப்படாதது. அதன் சீரியல் போர்ட்டில் ஒரு கன்வெர்ட்டரை மாட்டி, ஈதர்நெட் கேபிள் இழுத்து, ஷிஃப்டுக்கு எத்தனை தகடு அடிக்கிறது என்பதை மேனேஜர் தன் ரூமிலிருந்தே பார்க்கும்படி செய்ய வேண்டும். பழைய புரோகிராமுக்குப் பதில் நாங்கள் எழுதிய புதியதை ஏற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பிரஸ் நான்கு மாதமாக ஓடவில்லை. ஏன் என்று அந்த ஷெட்டின் எலெக்ட்ரீஷியன் முனுசாமி அண்ணன் சொன்னார்.

"ஆரோக்கியம்னு ஒர்த்தன், இதுல இடது கை மணிக்கட்டோட பூட்ச்சு. ரெண்டு பட்டனையும் ரெண்டு கையால அமுக்கினாத்தான் இது எறங்கும், கை உள்ள மாட்டக் கூடாதுல்ல. அவன் இடது பட்டன சைக்கிள் டியூப் போட்டுக் கட்டிட்டு ஒத்தக் கையால ஓட்டினான்னு ஆபீஸ்ல எழுதி வூட்டுக்கு அனுப்சிட்டாங்க. நஷ்டஈடு கேஸ் நடந்துகினு கீது."

"கட்டினாராண்ணா?"

"எல்லாருந்தான் கட்டுவோம், வேகமா ஓடணுமே. அன்னிக்கு அவன் கட்டல. அவன் சொன்னா யாரு கேக்குறா?"

அந்த இடது பட்டனை ஒயரோடு கழற்றிவிட்டிருந்தார்கள். இருந்த இடத்தில் ஓட்டை மட்டும்.

கிராஸ் கேபிளுக்குப் பதிலாக நேர் கேபிளைப் போட்டு ஒரு மணி நேரம் முட்டிக்கொண்ட பிறகு, லேப்டாப்பில் பி.எல்.சி. பதில் சொன்னது. விசில் அடித்தேன். பழைய புரோகிராமைத் திறந்தால், இடது பட்டனின் சிக்னல் வந்து வந்து போகிறது. சரி, லூஸ் கனெக்‌ஷன் என்று பேனலைத் திறந்தேன். நம்பினால் நம்புங்கள், அந்தப் பட்டனின் ஒயர் வந்து சேர வேண்டிய டெர்மினலில் ஒயரே இல்லை. அதற்கு மேலே, சிக்னல் வந்தால் எரிகிற சின்னச் சிவப்பு லைட் மட்டும் எரிந்தது, அணைந்தது, எரிந்தது.

முனுசாமி அண்ணன் எட்டிப் பார்த்து, உதடு அசைய எண்ணினார். முகம் மாறிவிட்டது. "ஏழு செகண்டுக்கு ஒண்ணு. இந்த ஸ்பீடுல ஆரோக்கியம் ஒர்த்தன்தான் ஓட்டுவான்."

"அவர் செத்துட்டாராண்ணா?"

"த்தா, வாயக் கழுவு! மேடவாக்கத்துல குத்துக்கல்லாட்டம் கீறான். காலைல சர்ச்சுக்குப் போய்க்கினு இருந்தான், நானே பாத்தேன்."

ஆள் உயிரோடு இருக்கிறார். செத்தது அந்தக் கை மட்டும்.

அப்போதுதான் புரோகிராமை வரி வரியாகப் பார்த்தேன். பிரஸ் இறங்கும் வரியில் இடது பட்டனே இல்லை. யாரோ லேப்டாப் கொண்டுவந்து அதைத் தூக்கிவிட்டிருக்கிறார்கள். வலது பட்டன் ஒன்றே போதும். டியூபும் வேண்டாம், கட்டவும் வேண்டாம். ஆரோக்கியம் சொன்னது சத்தியம், அதற்கு ஒரே சாட்சி என் மடியில் இருந்தது.

ஓடிப்போய் மேனேஜரிடம் சொன்னேன். அவர் ஆச்சரியப்படவே இல்லை.

"பட்டன் கெட்டுப்போச்சு, ஸ்பேர் வரல, டெஸ்பாட்ச் நிக்குமா? தம்பி, நீங்க கவுன்ட் காட்ட வந்தீங்க. பழச அழிச்சிட்டுப் புதுச ஏத்துங்க, பேக்கப் எல்லாம் வேணாம். நாளைக்கே உங்க பாஸ்கிட்ட உங்களப் பத்திப் பேசறேன்."

திரும்பி வந்து உட்கார்ந்தேன். "ஒரு காப்பி எடுத்து வெச்சுக்கோ தம்பி," என்றார் முனுசாமி அண்ணன், மிக மெதுவாக. இரண்டு நிமிட வேலை. எந்த மெஷினைத் தொட்டாலும் முதலில் காப்பி எடுக்கிற நான், அன்று எடுக்கவில்லை. இருபத்து மூன்று வயதில் பாஸிடம் நல்ல பெயர் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது. அழிக்கவா என்று ஸ்கிரீன் கேட்டது. சரி என்று அழுத்தினேன்.

அந்த நொடியே சிவப்பு லைட் நின்றுவிட்டது. அண்ணன் என்னைப் பார்க்காமல் டூல் பையை எடுத்துக்கொண்டு போனார். பிறகு ஒரே ஒரு தடவை போன் செய்தார், கேஸ் தோற்றுவிட்டது என்று சொல்ல.

அழித்த பிறகும் லைட் அதே மாதிரி எரிந்து அணைந்திருந்தால், பெட்டிக்குள் ஏதோ கார்டு பழுது என்று நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். உள்ளே வருகிற சிக்னலுக்கும் புரோகிராமுக்கும் சம்பந்தமே கிடையாது, எந்த பி.எல்.சி. ஆளையும் கேட்டுப் பாருங்கள். புரோகிராமை அழித்தாலும் அந்த லைட் எரிந்துகொண்டுதான் இருந்திருக்க வேண்டும். நான் அழித்தது அதற்கு எப்படித் தெரிந்தது?