மாப்பிள்ளையாய்ப் போன தலைவர்கள்

பனிச்சங்கேணி இளைஞர் கழகத்துக்கு ராசியில்லை என்று எங்கள் தொண்டு நிறுவன அலுவலகத்தில் சொல்வார்கள். ராசியுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. ஒரு பையனைப் பிடித்து, கூட்டம் நடத்தப் பழக்கி, நாலு பேர் முன்னால் நடுங்காமல் பேச வைத்து முடிக்கும்போது அவனுக்குக் கலியாணம் பேசிவிடுவார்கள். எங்கள் மட்டக்களப்பில் வீடு பெண்ணுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய்விடுவான். ஒரு தலைவர் வாகரைக்குப் போனார். அடுத்தவர் கல்லடிக்கு, நான் குடியிருக்கும் தெருவுக்கே வந்து சேர்ந்தார்.

தலைவர் போனால் கழகம் படுத்துவிடும், கழகம் படுத்தால் மாலை வகுப்பும் நின்றுவிடும். வாவியில் இறால் பிடிக்கிற வீட்டுப் பிள்ளைகள் பதினோராம் வகுப்புச் சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிதம் படிக்க அந்த ஊரில் வேறு இடமில்லை. தொண்டராகப் போய்வந்த எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால் இந்த முறை, அங்கே கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்த பெண்ணையே தலைவராக்க வேண்டும் என்று கேட்டேன். திட்ட அலுவலர் கொழும்பில் வளர்ந்தவர். நல்ல மனிதர்தான், எங்கள் பக்கத்து வழமை தெரியாது.

“பொண்ணு கல்யாணம் கட்டிப் போயிட்டா என்ன செய்வீங்க மிஸ்?”

“அவ எங்க சேர் போறது? அவட வீடு இஞ்சதானே. போறது ஆம்புளையள்தான்.”

அவர் சிரிக்கவில்லை. இன்னொரு தடவை கழகம் படுத்தால் வகுப்பை வேறு ஊருக்கு மாற்றிவிடுவோம் என்றார். தாராளமாக மாற்றுங்கள் என்றேன். எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

அவள் தலைவரான பிறகு வகுப்பு நிற்கவேயில்லை. வராத பிள்ளைகளை வீட்டுக்கே போய் அதட்டி இழுத்து வந்தாள். பிறகு அவளுக்கும் கலியாணம் பேசினார்கள், வாழைச்சேனை மாப்பிள்ளை. அவளுடைய அம்மா என்னைப் படலையிலேயே மறித்தார்.

“புள்ள, கலியாணம் முடிஞ்சா மறுகா இதெல்லாம் சரிவராது. வாற மாப்பிள்ள விரும்பமாட்டார். வேற ஆளப் பாருங்க.”

இதை நான் யோசித்திருக்கவில்லை. வீடு அவளுடையதுதான், ஆனால் அங்கே யார் விருப்பம் செல்லும்? நான் வாயைத் திறக்குமுன் வீட்டுக்குள்ளிருந்து அவள் குரல் வந்தது.

“அம்மா, நானா அவர்ர வீட்டுக்குப் போறன்? அவர்தானே என்ட வீட்டுக்கு வாறார். வாறவர் பாத்து நடக்கட்டும்.”

அம்மா படலையைத் திறந்து வழிவிட்டார். எனக்கு ஓடிப்போய் அவளைக் கட்டிப்பிடிக்கலாம் போலிருந்தது.

கலியாணம் முடிந்த கிழமை நான் போனபோது அவள் வீட்டு விறாந்தையில் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் அவள் கணிதம் படிப்பிக்க, மறுபக்கம் புது மாப்பிள்ளை சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் படிப்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளை அவர் கையாண்ட விதம் கைபழகிய ஆளுடையது.

“முந்தியும் படிப்பிச்சிருக்கீங்களா தம்பி?”

“ஓம் அக்கா. எங்கட ஊர்க் கழகத்துக்கு நான்தான் தலைவர்.”

அடுத்த நாளே வாழைச்சேனையில் வேலைசெய்யும் தொண்டர் கைப்பேசியில் கத்தினார். “எங்கட தலைவரக் கொண்டு போயிட்டீங்களே! இனி எங்கட வகுப்ப ஆர் பாக்கிற?”

“கழகத்தில பொம்புளப் புள்ளயள் இல்லயா?”

“தேத்தண்ணி ஊத்துறதுக்கு ரெண்டு பேர் இருக்காங்க.”

“அந்த ரெண்டு பேரும் எங்கயும் போகமாட்டாங்க” என்றேன்.