அடைத்த வீட்டு வாக்காளர்

வாக்காளர் பட்டியல் திருத்த வேலை வந்தால் எங்கள் பள்ளியில் பாதி ஆசிரியர்களுக்குக் காலையில் பாடம், மாலையில் தெரு. சேந்தமங்கலம் பக்கம் எனக்கு ஒதுக்கிய தெருக்களில் வீடு வீடாகப் படிவம் கொடுத்து, திரும்ப வாங்க வேண்டும். பூட்டிய வீட்டுக்கு மூன்று தடவை போக வேண்டும்.

ஒரு வீட்டில் மூன்று தடவையும் பூட்டு. எதிர்வீட்டுக்காரர்தான் சொன்னார்.

“பெரியவரு அவிட்ட நட்சத்திரத்துல தவறிட்டாருங்க டீச்சர். செத்த நாள் சரியில்லீன்னு ஆறு மாசத்துக்கு ஊட்டை அடைச்சிட்டாங்க. அவரு சம்சாரம் மக ஊட்டுக் கோழிப்பண்ணையில இருக்கறாங்க. பக்கந்தானுங்க, ரெண்டு மைல்.”

வண்டியில் பத்து நிமிடம். ஆனால் என் மகளுக்குக் கல்யாணப் பத்திரிகை அடித்தாகிவிட்டது. கல்யாணம் வைத்திருப்பவர்கள் துக்கக்காரர் வாசலை மிதிப்பதில்லை. வகுப்பில் மூடநம்பிக்கையைப் பற்றித் தொண்டை வறளப் பேசுகிறவள் நான். இருந்தும் போகவில்லை. பயம்தான், வேறென்ன. போன் நம்பராவது கேட்டிருக்கலாம். நாளைக்கு நாளைக்கு என்று அதையும் தள்ளிப்போட்டேன்.

கெடு முடிகிற நாளில் கணவர் பெயருக்கு நேராக ‘இறந்தவர்’ என்றும், அந்தம்மா பெயருக்கு நேராக ‘இடம்பெயர்ந்தவர்’ என்றும் பதிந்தேன். செத்தவர் விஷயத்தில் மட்டும்தான் நான் சரியாக இருந்தேன்.

வரைவுப் பட்டியலில் அந்தம்மா இல்லை. கல்யாணம் முடிந்த மறுவாரம், புதிதாகப் பெயர் சேர்க்கும் படிவத்தோடு பண்ணைக்குப் போனேன். அந்தம்மா முட்டை அட்டைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு எனக்கு நாற்காலி போட்டார்.

“என் கல்யாணத்துக்கு முன்னாலிருந்து ஓட்டுப் போடறனுங்க. இப்ப நானு புதுசுங்களா?”

“மூணு தடவை வந்தேங்க. ஊடு பூட்டியிருந்தது. எங்க இருக்கறீங்கன்னு தெரியல.”

பொய். கூசாமல் வந்தது.

அவர் நான் காட்டிய இடத்தில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பெயர் திரும்ப ஏறுமா என்று கேட்டார். விசாரணைக்குக் கூப்பிடுவார்கள், ஏறிவிடும் என்றேன். எனக்கே அது உறுதியில்லை.

படிவத்தைக் கொடுக்கும்போது சொன்னார்: “நீங்க வந்து போறது எதுத்த ஊட்டுக்காரரு சொல்லித் தெரியுமுங்க. நானே வந்திருப்பேன். கல்யாணம் வெச்சிருக்கற நேரத்துல நானு எதுக்க வந்து நின்னா உங்களுக்குச் சங்கடமுன்னு இருந்துட்டேனுங்க. புள்ள நல்லா இருக்குதுங்களா?”

நல்லா இருக்கிறாள் என்றேன்.