அத்தையின் பத்து நகங்கள்

எங்கள் அத்தைக்குக் கல்யாணம் முடித்துவைத்தது நான்தான் என்று ரொம்ப வருஷம் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினதோடு நிற்காமல் பள்ளிக்கூடத்தில் போய்ப் பெருமையும் அடித்திருக்கிறேன். ஒன்பது வயசில் ஒரு கல்யாணத்தை முடித்தவள் என்றால் சும்மாவா?

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு சிவப்பு நெயில் பாலிஷ் பாட்டில். அம்மாவின் தம்பி தோணியில் கொழும்புக்குப் போய்வரும்போது வாங்கி வந்தது. சுண்டுவிரல் உயரம்தான் இருக்கும். அம்மா அதை மோந்து பார்த்து, "இது நமக்கு எதுக்கு, ஆட்டக்காரி போடுறது" என்று அலமாரிக்குள் தள்ளினாள். மறுநாளே அது என் பெட்டிக்கு வந்துவிட்டது. அம்மா தேடவுமில்லை.

வெறும் சிவப்புப் பூச எனக்குப் பிடிக்காது. அதை யார் வேண்டுமானாலும் செய்வார்கள். அப்பா வள்ளத்துக்கு நம்பர் எழுதின வெள்ளை பெயிண்ட் டப்பாவின் அடியில் கொஞ்சம் மிச்சமிருந்தது. குண்டூசிக் கொண்டையை அதில் தொட்டு வைத்தால் பொட்டு. தென்னை ஈர்க்கை நுனியில் கிழித்து இழுத்தால் கோடு. தபால்தலைத் தாளின் ஓரத்தில் பசை தடவின வெள்ளைத் துண்டு வருமே, அதை வளைவாக வெட்டி நகத்தின் அடியில் ஒட்டிவைத்து, மேலே பூசிவிட்டு உரித்தால் அரைநிலா. இதற்கும் மேலே ஒன்று உண்டு. கடற்கரையில் கிடக்கும் முத்துச்சிப்பியின் உள்பக்கத்தைக் கல்லில் வைத்துத் தட்டி, சாயம் ஈரமாக இருக்கும்போதே தூவிவிட வேண்டும். மையாக அரைத்தால் வெறும் சுண்ணாம்புப் பொடிதான். ஒன்றிரண்டாகத் தட்டினால்தான் மினுங்கும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானே கண்டுபிடித்தேன் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வேன்.

இவ்வளவையும் வரைந்து பார்க்க எனக்கு நகம் வேண்டுமே. என் இடதுகை நகங்கள் ஒரே நாளில் தீர்ந்துபோயின. அம்மா பக்கத்தில் சேர்க்க மாட்டாள். அத்தைதான் மாட்டினாள். அப்பாவின் ஒரே தங்கச்சி. பெற்றவர்கள் போன பிறகு அப்பாதான் அவளை வளர்த்தது. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் வந்ததும் சுவரில் சாய்ந்து கால்களை நீட்டுவாள். "வா ளா, ஒன் கடையத் தொற" என்பாள். நான் அவள் கால்விரலில் மீன் வரைவேன், நங்கூரம் வரைவேன், ஒருமுறை பேய்முழி முழிக்கிற பூனை வரைந்தேன். அவள் அப்படியே தூங்கிப்போவாள்.

கால் மட்டும்தான். கை கிடையாது. "கை கம்பெனிக்காரனுக்குளா" என்பாள். இறால் உரிக்கிற கம்பெனியில் நகத்தில் சாயம் இருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். உதிர்ந்து இறாலில் கலந்துவிடுமாம்.

அத்தை அந்த வேலைக்குப் போனது எங்களுக்காக. வள்ளத்தைக் கரையேற்றும்போது அப்பா வழுக்கி விழுந்து, வள்ளம் அவர் முழங்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. எலும்பு கூடுவேனா என்றிருந்தது. ஒரு வருஷம் கட்டிலோடு கிடந்தார். ரெண்டாம் வாரமே அத்தை விடியக்காலையில் கிளம்பிவிட்டாள். ஐஸில் போட்டு வைத்த இறாலைத் தலை கிள்ளி, ஓடு உரித்து, நின்றுகொண்டே பொழுது போகும்வரைக்கும் வேலை. இறால் தண்ணீர் தோலைத் தின்னும், நகத்தையும் தின்னும். சாயங்காலம் வந்து விரல்களைப் படிகாரத் தண்ணீரில் முக்குவாள். அப்போது மட்டும் பேச மாட்டாள். எங்கள் சோறு, என் சிலேட்டு, அப்பாவின் காலுக்கு எண்ணெய், எல்லாம் அந்தப் பத்து விரலில் இருந்து வந்தது. அவள் விரலில் அடிக்கிற வாடைக்கு நான் மூக்கைப் பொத்தியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போது எனக்கே என்னை அறையவேண்டும் போலிருக்கிறது.

அப்பா எழுந்து நடந்து, மறுபடி கடலுக்குப் போக ஆரம்பித்த மாசத்தில்தான் அத்தைக்கு இடம் வந்தது. மணப்பாட்டுக் குடும்பம். மாப்பிள்ளை தோணியில் போகிறவர். அப்பாவுக்கு சந்தோஷம் தாங்கவில்லை. மறுநாளே அத்தையைக் கம்பெனியில் இருந்து நிறுத்திவிட்டார். அதோடு ஒரு சட்டமும் போட்டார்: இறால் உரிக்கப் போன பேச்சே அவர்கள் காதில் விழக்கூடாது.

"தங்கச்சி கைச் சோறு தின்னு கெடந்தவன்னு ஊர் ஊரா என்னச் சொல்லணுமா?" என்றார்.

"அதுக்குப் பொய்யா சொல்லணும்?" என்று அத்தை கேட்டாள்.

"பொய் சொல்ல வேண்டாம். வாயத் தொறக்காம இரு, போதும்."

அத்தையைக் கூப்பிட்டு மாதா படத்தின் மேல் கைவைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவளும் செய்து கொடுத்தாள். வளர்த்த அண்ணன் சொல்லும்போது என்ன செய்வாள்? அன்றைக்கு அடுப்படியில் அவள் அம்மாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

"மைனி, இத மறச்சிட்டு நான் அங்கன போனா சாகிற வரைக்கும் கையச் சேலைக்குள்ள ஒளிச்சிக்கிட்டே இருக்கணும். என்னால ஆகாது மைனி."

அம்மா மூக்கைச் சிந்தினாள்.

மூன்று வாரம் போனது. நகம் வளரும், தேறிவிடும் என்று பார்த்தால் அது என்னமோ அப்படியே நின்றது. ஓரம் அரித்து, நடுவில் குழி விழுந்து, ரெண்டு கட்டைவிரலிலும் பாதி நகமே இல்லை. அப்பா ஒருநாள் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"ஏளா, ஒன் சாயத்த வச்சு இத மறைக்க முடியுமா?"

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆட்டக்காரி போடுகிற சாமானுக்கு அப்பா வாயாலேயே உத்தரவு! அதுவும் கையில்! ஒரு வருஷமாகக் கிடைக்காத கை!

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். குழி விழுந்த நகத்தில் சாயம் நிற்காது என்பது எனக்குத் தெரியும். கோயிலில் எரிந்து மிச்சமான மெழுகுதிரித் துண்டை உருக்கி, சொட்டுச் சொட்டாக விட்டு, ஊசியால் வழித்து நகம் மாதிரியே செய்தேன். கட்டைவிரலுக்கு முழு நகமும் மெழுகுதான். அதன்மேல் சிவப்பு. அடியில் அரைநிலா. நடுவில் வெள்ளைப் பொட்டாலே ஒரு பூ. சுற்றிலும் சிப்பித்தூள். பத்து நகத்துக்கும் பகல் சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டது. அத்தை கையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அவ்வளவு அழகான வேலையை நான் அதற்குப் பிறகு செய்ததே இல்லை.

"ஏளா, இதுல சூடு பட்டா என்ன ஆவும்?" என்று கேட்டாள்.

"உருகிரும் அத்த. மெழுகுல்லா! கழண்டு விழுந்துரும். சூடா எதையும் தொட்டுராத, என்ன?"

"சரி சரி" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து என் தாடையைப் பிடித்து, "இத எப்படிச் செஞ்சன்னு யாராவது கேட்டா முழுசாச் சொல்லு. ஒண்ணையும் விட்டுராத. நீ செஞ்ச வேலைய நீதான சொல்லணும்" என்றாள்.

என்னை அப்படி யாரும் மதித்ததில்லை. சொல்ல வேண்டியதை மனசுக்குள் நாலுதரம் ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

மாப்பிள்ளை வீட்டில் இருந்து நாலு பேர் வந்தார்கள். மாப்பிள்ளை தலையைக் குனிந்தே இருந்தார். பேச்செல்லாம் அவருடைய அம்மாதான். வாட்டசாட்டமான மனுஷி. நாற்காலியில் உட்கார்ந்ததும் அது ஒருதரம் முனகியது. அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு, சிரித்துச் சிரித்து மழையைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசினார்.

காப்பி கொண்டுவர நேரமாயிற்று. அம்மா தட்டில் தம்ளர்களை எடுத்து வைத்துக் கொடுத்தாள். அத்தை தட்டை அப்படியே அடுப்படி மேடையில் வைத்துவிட்டு, தளும்பத் தளும்ப ஊற்றின ஒரு எவர்சில்வர் தம்ளரை ரெண்டு கையாலும் எடுத்தாள். "ஏளா, தட்டோட கொண்டு போளா" என்று அம்மா கிசுகிசுத்தது காதில் விழாதது போல நடந்தாள். சூடு! சொல்லியிருக்கிறேனே, இவளுக்கு ஏன் மறந்துபோனது?

மாப்பிள்ளையின் அம்மா தம்ளரை வாங்கினாள். அவள் மடியில் என்னமோ சொத்தென்று விழுந்தது. குனிந்து எடுத்தாள். என் அரைநிலா, என் பூ, என் சிப்பித்தூள், முழுசாக ஒரு கட்டைவிரல் நகம், அவள் உள்ளங்கையில் கிடந்தது.

அப்பாவின் சிரிப்பு நின்றது.

"இது என்னது?" என்று அந்த அம்மா கேட்டாள். அத்தை வாயைத் திறக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

கேட்டாயிற்றே! நான் முன்னால் போய் நின்றேன்.

"நாந்தான் செஞ்சேன். அது மெழுகு. அத்தைக்கு அங்கன நகம் இல்ல. கம்பெனியில இறால் உரிச்சாவல்லா, இறால் தண்ணி தின்னுட்டு. அப்பா கால் ஒடிஞ்சு ஒரு வருஷம் கெடந்தாவ, அப்ப அத்ததான் எங்களுக்கெல்லாம் சோறு போட்டது. குழியில மொதல்ல மெழுகு ஊத்தணும், அப்பத்தான் செவப்பு நிக்கும். மினுங்குறது சிப்பி. ரொம்ப அரைக்கப்பிடாது."

ஒத்திகை பார்த்தது ஒன்றுகூட விடுபடவில்லை. அப்பாவைப் பார்த்தேன். புதுச் சட்டைக்குள் மனுஷர் சுருங்கிப்போயிருந்தார். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எதையோ கெடுத்துவிட்டேன் என்று மட்டும் அப்போது தெரிந்தது.

அந்த அம்மா காப்பியைக் குடித்து முடித்தாள். தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இங்கன வந்து இரு ளா" என்று அத்தையைப் பக்கத்தில் உட்கார்த்தினாள். கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒன்பது நகத்தையும் ஒவ்வொன்றாகப் பெயர்த்து எடுத்தாள். மெதுவாகத்தான் எடுத்தாள். அரைநாள் வேலை! நான் ஓவென்று அழ ஆரம்பித்தேன். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. வெறும் விரல்களை அவள் தடவிப் பார்த்தாள்.

"வேப்பெண்ண தடவு. தண்ணியில கையப் போடாம ஒரு ரெண்டு மாசம் இரு. வளந்துரும்" என்றாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "வாரோம் தம்பி, தோத்திரம்" என்று கும்பிட்டு எழுந்துவிட்டாள்.

அவர்கள் தெருமுனை திரும்பினதும் அப்பா கையை ஓங்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அத்தை குறுக்கே நின்றாள்.

"அவள அடிக்காதீய அண்ணே. நான் சத்தியத்த மீறல. நான் வாயே தொறக்கலல்லா?"

அப்பாவின் கை அப்படியே இறங்கியது. அவளை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். அவர் தோள் குலுங்கினதை நான் பார்த்தேன். கால் முறிந்த அன்றைக்குக்கூட அழாதவர். அத்தை போய் அவர் கால்மாட்டில் உட்கார்ந்து, எண்ணெய் போட்டுத் தேய்க்கிற அந்தக் காலைப் பிடித்துவிட்டாள்.

மூன்றாம் நாள் மணப்பாட்டில் இருந்து ஆள் வந்தது. சம்மதமாம். பெண்ணின் கை தேறினதும் கல்யாணத்தை வைத்துக்கொள்ளலாமாம். மாப்பிள்ளையின் அம்மா இன்னொன்றும் சொல்லிவிட்டிருந்தாள்: கல்யாணத்துக்கு நகச்சாயம் அந்தச் சின்னக்குட்டிதான் போடவேண்டும், ஆனால் மெழுகு வேண்டாம்.

பிறகென்ன, எனக்குத் தலை கொழுத்துவிட்டது. என் கைவேலையைப் பார்த்து மயங்கித்தான் அந்த அம்மா சம்மதித்தாள் என்று முடிவுகட்டினேன். ஒரே ஒரு குறை, அத்தை என் பேச்சைக் கேட்காமல் சூட்டைத் தொட்டது. நல்லவேளையாக நான் பேசிச் சமாளித்தேன். இல்லாவிட்டால் இடம் கைநழுவிப் போயிருக்கும். இதை அத்தையிடமே சொல்லிக் கண்டித்திருக்கிறேன். "ஆமாளா, நீ இல்லன்னா என்ன ஆயிருக்கும்" என்று என் தலையைத் தன் நெஞ்சோடு சேர்த்துக்கொள்வாள். அந்த அணைப்பு எனக்குக் கிடைத்த பரிசு என்று நினைத்தேன்.

அத்தை மணப்பாட்டில் நன்றாக வாழ்ந்தாள். கையை ஒளிக்காமல் வாழ்ந்தாள். என் முதல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்த அன்று, வந்திருந்தவர்களுக்கு நான் காப்பி கொண்டுபோனேன். அவசரத்தில் தட்டு இல்லாமல் ஒரு தம்ளரை எடுத்துவிட்டேன். நாலு எட்டு வைக்கவில்லை, விரல் பொசுங்கிக் கீழே வைத்துவிட்டு ஊதினேன். அப்பா வீட்டு அடுப்படியில் இருந்து கூடத்துக்கு எத்தனை எட்டு என்று அப்போதுதான் நினைத்துப் பார்த்தேன். தோல் அரித்துப்போன விரல்களோடு அத்தை அவ்வளவு தூரமும் நடந்திருக்கிறாள், கட்டைவிரல் இரண்டையும் தம்ளரில் அழுத்திக்கொண்டு.

அத்தை கூட்டத்துக்கு நடுவில் உட்கார்ந்து, பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டிருந்தாள். நான் போய் அவள் கையைப் பிடித்து முத்தமிட்டேன். "என்னளா திடீர்னு?" என்றாள். இறால் வாடைக்கு மூக்கைப் பொத்தின ஒரு பொடிசை நம்பி, தன் வாழ்க்கையையே அதன் வாயில் கொடுத்தவள் அவள்.

சூடு பட்டால் என்ன ஆகும் என்று அன்றைக்கு அவள் கேட்டபோது, என் பூ கெட்டுப்போகுமே என்று கவலைப்பட்டுத்தான் கேட்கிறாள் என்று நினைத்தேன்.